பிரசிடெண்ட் வீட்டம்மாவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

எங்கள் அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்றவருக்கு, ஊருக்குள் பெயரே இருந்ததில்லை. எழுபதுகளில் அவர் கணவர், எங்கள் அப்புச்சி, பஞ்சாயத்து பிரசிடெண்டாக இருந்தார், அன்றிலிருந்து சாகும்வரை அமுச்சி "பிரசிடெண்ட் வீட்டம்மா"தான். ரேஷன் கடையிலும் அப்படித்தான், துக்க வீட்டிலும் அப்படித்தான். கருமாதிப் பத்திரிகை அடிக்கக் காங்கேயம் போனபோது பிரஸ்காரர் பிறந்த வருஷம் கேட்டார், பெற்ற பிள்ளைகள் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புச்சி எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார் என்பது மட்டும் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

அமுச்சியைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். உட்கார்ந்தால் வரவில்லை. நாலு வரி எழுதினால் மூன்று வரி அப்புச்சியைப் பற்றியதாகவே இருந்தது. அப்புறம் ஒரு வழி தோன்றியது: சொந்தபந்தம் எதுவும் இல்லாத, தூரதேசத்தில் இதே நிலைமையில் இருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையை முதலில் எழுதிப் பழகுவது. சொந்தக்காரராக இல்லாததால் கோபமோ பாசமோ கையைத் தடுக்காது. நான் எடுத்துக்கொண்டது எலிசா ஜான்சன். 1865 முதல் 1869 வரை அமெரிக்காவின் 17ஆவது ஜனாதிபதியாக இருந்த ஆண்ட்ரூ ஜான்சனின் மனைவி. கணவரின் காகிதங்களைத் தொகுத்து 16 பாகம் போட்டிருக்கிறார்கள். எலிசா எழுதியதாகக் கையில் கிடைப்பது மிகக் கொஞ்சம், ஊரார் முன்னால் அவர் வந்து நின்றதும் கொஞ்சம். பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

இரண்டு பேரையும் எழுதும்போது கைவந்த முறையை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு ஆத்தாவோ அமுச்சியோ பெரியம்மாவோ இப்படி இருந்திருப்பார், இதை வைத்துத் தொடங்கலாம்.

மூன்று பத்தி போட்ட நோட்டு

பெரிய நோட்டு ஒன்று வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் கணவரின் தேதிகள். பெண்ணின் கதைக்கு ஆணிலிருந்தா தொடங்குவது என்று கேட்பீர்கள். அவருடைய தேதிகள்தான் சுலபமாகக் கிடைக்கும், அதனால்தான். எழுதி முடித்தபின் ஒவ்வொரு தேதிக்கும் நேராக நடுப் பத்தியில் ஒரே கேள்வி: அன்றைக்கு இவர் எங்கே இருந்தார், கையில் என்ன வேலை இருந்தது?

ஆண்ட்ரூவுக்கு எழுதிப் பார்த்தால் இப்படி வரும். 1829இல் டென்னசி மாநிலத்தில் கிரீன்வில் என்ற சின்ன ஊரின் நகர மன்றத்தில் உறுப்பினர். 1834இல் அதே ஊருக்கு மேயர். 1835இல் மாநில சட்டசபை. 1843இலிருந்து பத்து வருஷம் வாஷிங்டனில் காங்கிரஸ் என்ற அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினர். 1853இல் கவர்னர், 1857இல் அதன் மேல்சபையான செனட்டில் உறுப்பினர், 1862இல் டென்னசியின் ராணுவ கவர்னர், 1865 மார்ச்சில் துணை ஜனாதிபதி, ஆறே வாரத்தில் ஜனாதிபதி லிங்கனை ஒருவன் சுட்டுக் கொன்றுவிட, ஏப்ரல் 15ஆம் தேதி ஜனாதிபதி. ஏணி மாதிரி நேராக ஏறுகிற வாழ்க்கை.

நடுப் பத்தியில் எலிசாவுக்கு எழுதுங்கள். 1828இல் மார்த்தா பிறக்கிறாள், 1830இல் சார்லஸ், 1832இல் மேரி, 1834இல் ராபர்ட். கணவர் மேயரான வருஷம் அவருக்கு 24 வயதுகூட நிரம்பியிருக்காது, மடியில் நாலாவது குழந்தை. கணவர் வாஷிங்டனில் இருந்த பத்து வருஷமும் பெரும்பாலும் எலிசா கிரீன்வில்லிலேயே இருந்தார், வீடும் பிள்ளைகளும் வரவுசெலவும் அவர் பொறுப்பு. 18 வருஷ இடைவெளிக்குப் பிறகு 1852இல் கடைசி மகன் பிறக்கிறான், ஃபிராங்க் என்று கூப்பிட்டார்கள். அந்தப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை. இதை எழுதி முடித்துவிட்டு ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பத்தியின் ஏணியை யாரோ கீழே நின்று பிடித்துக்கொண்டிருந்தது நடுப் பத்தியில் தெரிந்தது.

மூன்றாவது பத்தி நம்ம ஊருக்கு. தூரதேசத்து வருஷங்கள் வெறும் எண்ணாகவே நிற்கும், பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்தால்தான் மனதில் உட்காரும். எலிசா பிறந்தது 1810 அக்டோபர் 4, சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட 1862இல்தான் போத்தனூருக்கு ரயில் வந்தது. அங்கே அடிமைமுறை இருந்த தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய் மூண்ட உள்நாட்டுப் போரால் பருத்தி வெளியே போகாமல் நின்றுவிட, இங்கிலாந்து மில்களுக்கு இந்தியப் பஞ்சு தேவைப்பட்டு விலை ஏறியது, கோயமுத்தூர்ச் சீமையின் கரிசல் காட்டுக்காரர்களையும் அந்தப் போர் தொட்டது. அவர் இறந்தது 1876 ஜனவரி 15, அந்தச் சித்திரையில் பிறந்ததுதான் தாது வருஷம், நம்ம ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பேச்சில் இழுக்கிற பஞ்சம்.

இதே மூன்றாவது பத்திதான் அமுச்சியின் பிறந்த வருஷத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தது. "எந்த வருஷம் பொறந்தாங்க?" என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அமுச்சியின் தங்கையிடம் நான் வேறு மாதிரி கேட்டேன். "ஏனுங் சின்ன அமுச்சி, கீழ்பவானி வாய்க்கால்ல மொதமொதல்ல தண்ணி வந்தப்ப உங்க அக்கா எத்தன பெரிசுங்க?" யோசிக்கவே இல்லை, "கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டுத்தான வாய்க்காப் பாக்கப் போனா, பதினேழுல கட்டிக்குடுத்தாங்க, அடுத்த வருசம் உங்க பெரியம்மா" என்றார். பவானிசாகர் அணை கட்டி முடிந்தது 1955. அப்படியென்றால் அமுச்சி பிறந்தது 1936, 37 வாக்கில். ஐந்து பிள்ளைகளுக்கும் தெரியாத வருஷம் ஒரு வாய்க்காலைக் கேட்டதில் கிடைத்தது. வாய்க்கால் இல்லாத பக்கம் என்றால் மின்சாரம் வந்த வருஷம், ஊருக்கு முதல் பஸ் வந்த வருஷம், எம்.ஜி.ஆர். இறந்த 1987 என்று ஏதாவது ஒன்று உதவும். எழுதிங்கள் சீர் என்று கொங்கு நாட்டில் பெண்களுக்குச் செய்கிற சடங்கு உண்டு, அதைச் செய்த பெண்கள் அதை வைத்து மற்றதைக் கணக்குச் சொல்வார்கள், அது நடந்தபோது எந்தப் பிள்ளை எந்த வகுப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

கை என்ன செய்தது

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று யாரையும் கேட்காதீர்கள். "தங்கமான மனுசி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அதை வைத்து ஒரு வரி எழுத முடியாது. கை என்ன செய்தது என்று கேளுங்கள்.

எலிசாவின் அப்பா செருப்புத் தைக்கிறவர், மகள் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். தாயும் மகளும் ஒட்டுத்துணிப் போர்வை தைத்துப் பிழைத்தார்கள். 1826இல் அந்த ஊருக்கு ஆண்ட்ரூ வந்தபோது அவனுக்கு 17 வயது, வட கரோலினாவில் ராலே என்ற ஊரில் டெய்லரிடம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டு, காலம் முடியும் முன்னே ஓடிவந்த பையன். பிடித்துக் கொடுத்தால் 10 டாலர் தருவதாக அந்த முதலாளி பத்திரிகையில் விளம்பரமே கொடுத்திருந்தார். 1827 மே 17இல் கல்யாணம், பையனுக்கு 18, எலிசாவுக்கு 16. நம்ம பக்கம் அருமைக்காரர் இருந்து கல்யாணம் நடத்துவது போல அங்கே ஊர் நீதிபதி ஒருவர் நடத்திவைத்தார், மோர்டெக்காய் லிங்கன் என்று பெயர், ஆபிரகாம் லிங்கனின் தகப்பனாருக்கு உறவு. அந்த லிங்கனுக்குப் பின்னால் இந்தப் பையன்தான் ஜனாதிபதி ஆகப்போகிறான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

வாடகைக்குப் பிடித்த சின்ன வீட்டில் முன்னறை தையல் கடை, பின்னறையில் குடித்தனம். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பீஸ் வாங்கி வந்து வீட்டு முன்னறையில் காஜா பட்டன் போடுகிற குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வீட்டை விவரிக்கவே வேண்டாம். அப்போது தையல் மிஷின் புழக்கத்தில் இல்லை, கோட்டு முழுக்க ஊசி நூலால் கையிலேயே தைக்க வேண்டும், ஒரு ஆள் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பார். கை வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் எலிசா படித்துக் காட்டினார். ராத்திரியில் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எலிசாதான் கணவருக்கு அரிச்சுவடியே கற்றுக்கொடுத்தார் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ராலேயில் தையல் கடையில் வேலை செய்கிறவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் வருவது வழக்கம், அதைக் கேட்டுக் கேட்டு ஆண்ட்ரூ ஓரளவு வாசிக்கப் பழகித்தான் கிரீன்வில்லுக்கு வந்தார். எழுத்தைத் திருத்தியதும் கணக்கைச் சேர்த்ததும்தான் எலிசாவின் வேலை. குறைத்துச் சொல்வதாக நினைக்காதீர்கள், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஒருவரை உட்காரவைத்துக் கணக்குப் போடவைத்தாள் என்பதே பெரிய விஷயம். அதன்மேல் கூடுதலாக ஏற்றிவைத்தால், விஷயம் தெரிந்தவர் படிக்கும்போது ஏற்றியதோடு சேர்த்து உண்மையையும் தள்ளிவிடுவார்.

இதே தப்பை அமுச்சி விஷயத்தில் நான் செய்யப் பார்த்தேன். "அப்புச்சிக்கே அரசியல் சொல்லிக் குடுத்தவங்க அமுச்சி" என்று மாமா ஒருவர் சொன்னார், கேட்க நன்றாக இருந்தது, அப்படியே எழுதிவிட்டேன். பெரியம்மாவிடம் போய்க் கேட்டபோதுதான் நடந்தது தெரிந்தது. ராத்திரி ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு அப்புச்சி மனுக்களை வாசிப்பாராம். கட்டுத்தரையில் ஐந்து எருமை, விடிகாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறபோது எந்த வீதிக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பால் ஊற்ற வந்த பெண்கள் அமுச்சியிடம் சொல்லியிருப்பார்கள். மனு வாசிக்கும்போது "அது நெசந்தான்", "இவன் சும்மா எழுதுறான்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அவ்வளவுதான். மாமா சொன்ன வரியைவிட இது எத்தனையோ மடங்கு பெரிது, ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

ஊர்க்கதைகளை என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ரூ ஊருக்குள் நுழைந்த அன்றே எலிசா பார்த்துவிட்டு, இவனைத்தான் கட்டுவேன் என்று தோழிகளிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. இப்படிப்பட்டதை விட்டுவிட மனம் வராது. "என்று சொல்வார்கள்" போட்டு ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிடுங்கள், அதன்மேல் வேறு எதையும் கட்டாதீர்கள்.

நோயைப் பெயராக்காதீர்கள்

எலிசாவைப் பற்றித் தேடினால் முதலில் வருவது "நோயாளி" என்ற சொல்தான். காசநோய். அதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882இல், எலிசா இறந்து ஆறு வருஷம் கழித்து. மருந்து வர இன்னும் அறுபது வருஷத்துக்குமேல் ஆனது. நம்ம பக்கத்தில் பெருந்துறை சானடோரியம் என்ற பெயரே அந்த நோயிலிருந்து வந்ததுதான், அங்கே சொந்தக்காரர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த குடும்பங்களுக்கு அந்தப் பயம் எப்படி இருந்தது என்று தெரியும். எலிசாவுக்குச் சானடோரியமும் இல்லை. இருபது வருஷத்துக்குமேல் அந்த உடம்போடு இருந்தார்.

ஆனால் படுத்திருந்தார் என்று மட்டும் எழுதினால் அவர் கதை முடிந்துவிடும். படுத்த இடத்திலிருந்து என்ன செய்தார் என்று தேட வேண்டும். வெள்ளை மாளிகையில் இரண்டாவது மாடியில், கணவரின் அலுவலகத்துக்கு எதிரில் இருந்த அறையைத் தனக்கு எடுத்துக்கொண்டார். விருந்துகளை மூத்த மகள் மார்த்தா பார்த்துக்கொண்டாள், பால் மாடு வாங்கிக் கட்டியதும் பழசாகிப்போன மாளிகையைச் சீர்செய்ததும் அவள்தான், அவளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எலிசா தன் அறையில் தைத்துக்கொண்டு, பேரன் பேத்திகள் ஐந்து பேரை வைத்துக்கொண்டு, வருகிற பத்திரிகைகளையெல்லாம் படித்து, கணவர் பார்க்க வேண்டியதைக் கத்தரித்து வைப்பார். நல்ல செய்திகளை ராத்திரி காட்டுவார், கெட்ட செய்திகளைக் காலையில்தான் கொடுப்பார் என்று சொல்வார்கள், மனுசன் தூங்க வேண்டுமே. இது ஒரு வேலை. அந்த நாலு வருஷமும் ஆண்ட்ரூவைத் திட்டாத பத்திரிகை குறைவு, அத்தனையும் முதலில் படித்தவர் எலிசாதான்.

திட்டியதற்குக் காரணம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். விடுதலையான கறுப்பின மக்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உரிமையும் தரக் காங்கிரஸ் கொண்டுவந்த சட்டங்களை ஆண்ட்ரூ தன் அதிகாரத்தால் மறுத்தார், பழைய எஜமானர்கள் கைக்கே தெற்கு திரும்பப் போக இடம் கொடுத்தார். மனைவி நல்லவர் என்பதால் கணவர் செய்ததை மெழுகிவிட முடியாது. 1868இல் அவரைப் பதவியிலிருந்து நீக்க விசாரணை நடந்தது, மே 16ஆம் தேதி செனட்டில் ஓட்டு 35க்கு 19, நீக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்தது. செய்தியைச் சொல்ல மெய்க்காவலர் குரூக் மாடி ஏறி ஓடினார், எலிசா கண்ணீரோடு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார், விடுதலை ஆவார் என்று தெரியும் என்றார். குரூக் பின்னாளில் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. கவனியுங்கள், எலிசாவைப் பார்த்து எழுதியவர் வீட்டு வேலையில் இருந்த ஒருவர். உங்கள் ஊரிலும் பிரசிடெண்டின் டிரைவர், பஞ்சாயத்து கிளார்க், தண்ணி விடுகிறவர், இவர்களைத்தான் முதலில் தேடிப் போக வேண்டும். மேடையில் பேசியவர்களுக்கு வீட்டம்மாவைத் தெரிந்திருக்காது.

ஒரு பயணத்தில் தங்குங்கள்

எல்லா வருஷத்துக்கும் ஒரே அளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. நான் எலிசாவுக்கு எழுதியதில் பாதிக்குப் பாதி 1862ஆம் வருஷம்தான். மாநிலம் பிரிந்து போகக்கூடாது என்று ஆண்ட்ரூ நின்றதால் அவர் தெற்குக்காரர்களின் எதிரி ஆனார். அவர் நாஷ்வில்லில், எலிசா எதிரிகள் பிடித்துவைத்திருந்த கிழக்கு டென்னசியில். 36 மணி நேரத்துக்குள் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று அந்த வசந்தத்தில் உத்தரவு வந்தது. படுத்த படுக்கையாக இருக்கிறேன், முடியாது என்று சொல்லி அனுப்பினார். இலையுதிர் காலத்தில்தான் கிளம்ப முடிந்தது, கூடப் பத்து வயது ஃபிராங்க், மகள் மேரியின் குடும்பம், சின்னக் குழந்தைகள். மர்ஃப்ரீஸ்பரோவில் மேலே போகவிடாமல் தடுத்துத் திருப்பினார்கள், ராத்திரி தங்க இடம் தேடி அலைந்தார்கள். அக்டோபரில்தான் நாஷ்வில் போய்ச் சேர்ந்தார். கிரீன்வில் வீட்டில் சிப்பாய்கள் தங்கிச் சுவரெல்லாம் கிறுக்கிவைத்தார்கள், அந்த வீட்டை இன்று தேசிய நினைவிடமாக வைத்திருக்கிறார்கள், கிறுக்கலில் கொஞ்சம் பார்வைக்கு விட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு பயணம் எல்லார் வாழ்க்கையிலும் இருக்கும். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு நடந்தது, கைக்குழந்தையோடு கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ராத்திரி லாரியில் போனது, கண்ணபுரம் சந்தையில் மாட்டை விற்றுவிட்டுத் திரும்பிய கணவருக்காகத் திண்ணையில் விடிய விடிய உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டுபிடித்து அங்கே நிதானமாக உட்காருங்கள். என்ன வண்டி, யார் யார், என்ன சாப்பிட்டார்கள், குளிரா வெயிலா என்று கேளுங்கள். தெரியாததை இட்டு நிரப்பாதீர்கள். எலிசா அந்த ராத்திரி என்ன நினைத்தார் என்று எழுத எனக்கும் கை பரபரத்தது, எழுதவில்லை.

சொல்லத் தயங்குகிற விஷயங்கள்

சார்லஸ் 1863 ஏப்ரலில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தான். மேரியின் கணவர் 1864 கடைசியில் காசநோயில் போனார். வெள்ளை மாளிகையை விட்டு ஊர் திரும்பிய அடுத்த மாதமே, 1869 ஏப்ரலில், ராபர்ட் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான், 35 வயது. இரண்டு பையன்களுக்கும் குடிப் பழக்கம் இருந்தது. பெரிய பதவியைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், ஆனால் எலிசாவின் நடுப் பத்தியில் இதைவிடப் பெரிய சம்பவம் எது?

நம்ம குடும்பங்களில் இதைக் கேட்பது கஷ்டம், "அதெல்லாம் எதுக்குக் கண்ணு இப்ப" என்று பேச்சை மாற்றுவார்கள். முதல் நாளே கேட்காதீர்கள். ரெக்கார்டர் போட்ட போனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கொள்ளு புடைக்கிறபோதோ வெங்காயம் உரிக்கிறபோதோ கூட உட்கார்ந்து கை கொடுங்கள். தானாக வரும். வந்தாலும், உயிரோடு இருக்கிறவர்களைப் புண்படுத்துமானால் அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்காமல் ஒரு சொல்கூட அச்சில் போகக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரு விஷயத்துக்குச் சம்மதம் கிடைக்கவில்லை, எடுத்துவிட்டேன்.

இன்னொன்று, இதை விட்டுவிட்டு எழுதினால் மொத்தமும் பொய்யாகிவிடும். அந்த வீட்டில் எலிசா மட்டும் வேலை செய்யவில்லை. ஜான்சன் குடும்பம் அடிமைகளை விலைக்கு வாங்கி வைத்திருந்தது. டாலி என்ற இளம்பெண்ணையும் அவளுடைய தம்பி சாமையும் 1840களில் வாங்கினார்கள். எலிசா படுத்திருந்தபோது சமைத்ததும் துவைத்ததும் பிள்ளைகளைத் தூக்கியதும் யார்? 1863 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஆண்ட்ரூ தன் வீட்டு அடிமைகளை விடுவித்தார் என்பார்கள், டென்னசியில் கறுப்பின மக்கள் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். டாலிக்கு நோட்டில் நாலாவது பத்தி போட வேண்டியிருந்தது. அதைப் போட்டபிறகுதான் எங்கள் அமுச்சியின் ஐந்து எருமைக்குச் சாணி அள்ளியது யார், கட்டுத்தரையைத் தாண்டி ஆசாரத்துக்குள் அவர்களை விட்டார்களா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்டேன். விடவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன், அந்த அம்மா எங்கள் தோட்டத்தில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதையும் அவர் மகளிடம் போய்க் கேட்டு, அவர் சொன்னபடியே.

எழுதி முடித்தபின்

ஒரு சிவப்புப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாய் யார் என்று பாருங்கள், பள்ளிக்கூடத்தில் படித்த அதே எழுவாய்தான். கணவர் எழுவாயாக இருந்தால் அடிக்கோடு. என் முதல் படியில் பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. "ஆண்ட்ரூ 1875 ஜூலை 31இல் இறந்தார்" என்று எழுதியிருந்தேன். அதை, "கணவர் இறந்தபின் எலிசா ஆறு மாதம்கூட இருக்கவில்லை, மகள் மார்த்தா வீட்டில் 65 வயதில் கண்ணை மூடினார்" என்று மாற்றினேன். விஷயம் அதேதான், யாருடைய கதை என்பது மாறிவிட்டது. "உதவியாக இருந்தார்", "துணை நின்றார்", "உறுதுணை" இந்த மூன்று சொற்களும் எங்கே வந்தாலும் வெட்டிவிட்டு, என்ன செய்தார் என்று எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும்.

நீளம் அதிகம் வேண்டாம், பதினைந்து இருபது பக்கம் போதும். டிடிபி செய்து, நூறு காப்பி அடித்து, சீர் கூடுகிற நாளில் சொந்தங்களுக்குக் கொடுக்கலாம். அட்டையில் அவர் பெயர் மட்டும் போடுங்கள், "பிரசிடெண்ட் மனைவி" என்று போட வேண்டாம். பிறந்த வீட்டுப் பெயரும் குலமும் உள்ளே வரட்டும். எலிசாவுக்கும் நான் மெக்கார்டில் என்ற பிறந்த வீட்டுப் பெயரோடுதான் தொடங்கினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இருப்பதிலேயே வயதான பெண்மணிக்கு முழுதும் வாசித்துக் காட்டுங்கள். நான் சின்ன அமுச்சிக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து வாசித்தேன், ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அப்போது நாலு எருமை என்று எழுதியிருந்தேன். சின்ன அமுச்சி கையை நீட்டி நிறுத்தினார். "அஞ்சு கண்ணு. ஒண்ணு சினை, அத அவ பாலுக்கு விடமாட்டா, அதனால சொசைட்டி நோட்டுல நாலுன்னு இருந்திருக்கும்."

சொசைட்டி நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருந்தேன். ஐந்து என்று திருத்தினேன்.